எட்சாக் கணிப்பொறியும் ஆராய்ச்சி மாணவர் வாழ்வும்

விஞ்ஞானக் கணிப்பு என்றவுடன் கணப்பொழுதில் விடை பகரும் பொறியொன்றே பலருடைய மனக்கண்முன் தோன்றுகின்றது. அப்பொறியை நம்பித் தம் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியை நடாத்தும் மாணவரின் நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பது அத்துணை எண்ணப்படுவதில்லை. இதனை அறிதற்கு இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுகூடம் மிக ஏற்ற இடமாகும். மொறிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் அங்கு அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் பொறி, 1949 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி முதன்முதலாக இயங்கி, எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டது. பொறியை ஆக்கியோர்க்கு மட்டுமன்றிப் பல துறை ஆராய்ச்சியாளர்க்கும் அன்றாடம் பயன்படத் தொடங்கிய கணிப்பொறிகளுள் அது மிக முந்தியது.

அதன் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஏறக்குறைய 3000 வால்வுகள் அதனுள் எரிந்துகொண்டிருந்தன. எண்களை நினைவில் வைத்திருந்தவை இரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். ஒரு முனையில் எழுப்பப்பட்ட ஒலித்துடிப்பு இரசத்தினூடே மறுமுனையை அடைய, அதனைத் திரும்பவும் முதன்முனைக்கே அனுப்புவர். இவ்வாறு ஓயாது சுழலும்வரையே எண் நிலைபெறும். தொடக்கத்தில் 512 எண்களுக்கும் பின்னர் 1024 எண்களுக்குமே இடமிருந்தது. கட்டளைகளும் அவ்விடத்திலேயே அடங்கவேண்டும். ஒரு செக்கனில் நிறைவேறியவை ஏறத்தாழ 650 கட்டளைகள். இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டு நகைத்தல் எளிது. ஆயின், கையாற் சுழற்றும் கணிகருவியையன்றி வேறறியாதிருந்தவர்க்கு அது பேராற்றலாகவே தோன்றியது.

மாணவரின் நாள் பொறியின்முன் தொடங்கவில்லை, மேசையிலேயே தொடங்கியது. தீர்க்கவேண்டிய சமன்பாட்டைக் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்னுஞ் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஓரெழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட கட்டளையைத் தாளில் எழுதுவார். வகுத்தல், வர்க்கமூலம், சைன் முதலியவற்றைத் தாமே எழுதவேண்டியதில்லை. டேவிட் வீலர் முதலியோர் ஆக்கிய துணைநிரல்கள் தாள்நாடாக்களிற் பொறிக்கப்பெற்றுப் பேழையொன்றிலே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. நூல்நிலையத்தில் நூலெடுப்பதுபோல வேண்டியதை எடுத்து, அதன் துளைகளைத் தம் நாடாவிற் படியெடுத்துக்கொள்வார். எஞ்சியவற்றைத் துளைகருவியின் முன்னமர்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டுவார். ஒரு துளை பிழைப்பின் முழுக்கணக்கும் பிழைக்கும்.

நாடா ஆயத்தமானதும் அதனைப் பொறியின் அருகே கட்டியிருந்த கயிற்றிலே தொங்கவிடுதல் வழக்கம். துணி உலரவிட்டாற்போல நாடாக்கள் வரிசையாகத் தொங்க, பகலிற் கடமை புரியும் இயக்குநர் முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்து இயக்குவார். உரியவர் காத்திருத்தல் வேண்டும். இக்காலத்துப் பெருங்கணனிகளுக்குப் பணிகளை அனுப்பிவிட்டு, வரிசையில் தம் முறை எப்பொழுது வருமென்று திரையை நோக்கியிருக்கும் மாணவரும் அக்கயிற்றின் கீழ் நிற்பவரே.

காத்திருந்து பெறும் தாளில் விடை இருக்குமென்பதற்கும் உறுதியில்லை. இவ்விடத்திலேதான் ஆராய்ச்சி மாணவரின் பெரும்பொழுது கழிந்தது. கவனமாக எழுதினாற் பிழை நேராதென்றே பொறியை ஆக்கியோரும் முதலில் எண்ணியிருந்தனர். வில்க்ஸ் தாமே ஒரு வகையீட்டுச் சமன்பாட்டிற்கு எழுதிய 126 கட்டளைகளில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. பொறியறைக்கும் துளைகருவியறைக்கும் இடையே படியேறி இறங்குகையில், தம் வாழ்நாளின் நல்லதொரு பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்னும் உண்மை தமக்குப் புலனாயிற்று என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். பிழை தேடுவோர் முதலிற் பொறியைப் படிப்படியாக நடத்தி, நினைவிலுள்ளவற்றைத் திரையிலே பார்த்தனர். பலர் காத்திருக்க ஒருவர் திரையை நோக்கிச் சிந்தித்திருத்தல் பொறியின் நேரத்தை வீணாக்கும் என்று அது விலக்கப்பட்டது. ஆகவே, நின்றுபோன கணக்கின் நினைவகத்தை அச்சிட்டுத் தரும் துணைநிரல்கள் எழுந்தன. அத்தாளை வீட்டிற்கு எடுத்துச்சென்று ஆராயலாம். இம்முறைகளை வகுத்தவருள் ஸ்ரான்லி கில் குறிப்பிடத்தக்கவர்.

பிழை தம்முடையதா பொறியினுடையதா என்னும் ஐயம் இதனினுங் கொடியது. வால்வொன்று தளர்ந்தாலும் விடை மாறும். மாறிய விடையும் அழகாகவே அச்சாகும். அதனால், விடையை வேறொரு வழியாற் சரிபார்க்கும் படிகளையும் நிரலினுள்ளேயே அமைத்தல் அறிவுடையோர் வழக்கமாயிற்று. பொறியோடு இணைக்கப்பட்ட ஒலிபெருக்கியும் உதவிற்று. பழகியவர்கள் கணக்கு நலமாகச் செல்லும் ஓசையையும், ஒரே வட்டத்திற் சிக்கிச் சுழலும் ஓசையையும் செவியாலேயே பிரித்தறிந்தனர்.

பகற்பொழுது முடிந்தபின், அனுமதி பெற்ற சிலர் பொறியைத் தாமே இயக்கலாம். வால்வொன்று பழுதாகிப் பொறி நிற்கும்வரை அவர்களது இரவு நீளும். அவ்வாறு இரவிற் பணிபுரிந்தோருள் ஜோய்ஸ் பிளாக்லர் ஒருவர். வானியலறிஞர் பிரெட் ஹொயிலின் ஆராய்ச்சி மாணவியாகிய அவருக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒதுக்கப்பட்டிருந்தது. விண்மீனின் உள்ளமைப்பை அறிவதே அவர் எடுத்த பொருள். திணிவு, அமுக்கம், வெப்பநிலை, ஒளிர்வு ஆகியன மையத்திலிருந்து மேற்பரப்புவரை எவ்வாறு மாறுகின்றன என்பதைச் சமன்பாடுகள் கூறும். ஆனால், மையத்து நிலையோ ஆரையோ முன்கூட்டித் தெரியாது. ஊகித்துத் தொடங்கிக் கணித்து, பொருந்தாதவிடத்து ஊகத்தைத் திருத்தி மீண்டுங் கணித்தல் வேண்டும். இத்தகைய வேலைக்கு ஓரிரவு போதாது. வால்வு பழுதுற்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்தது ஏழு நாட்களுக்கு அப்பாலுள்ள வெள்ளிக்கிழமையே. அவர் கணித்த விண்மீன் மாதிரிகள் 1958 இல் வெளியாயின.

பொறியே இல்லாதபோது நேர்ந்ததையும் குறிப்பிடல் தகும். அண்ட்ரூ ஹக்ஸ்லி, அலன் ஹொட்ஜ்கின் என்போர் கணவாயின் பெரிய நரம்பிழையில் மின்துடிப்பு எழும் முறைக்குச் சமன்பாடுகள் அமைத்திருந்தனர். அவற்றைத் தீர்க்கவேண்டிய 1951 இல், மாற்றியமைப்பதற்காக எட்சாக் ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. பிரன்ஸ்விகா என்னும் கைக்கணிகருவியின் பிடியைச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வோர் எண்ணாகப் பெற்றார். நரம்பின்வழியே பரவும் துடிப்பொன்றைக் கணிக்கவே ஏறத்தாழ மூன்று கிழமைகள் சென்றன. அத்துடிப்போ சில மில்லிசெக்கன்களில் முடிந்துவிடுவது. அவ்வாராய்ச்சி 1952 இல் வெளிவந்தது. 1963 இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எட்சாக் 1958 ஆம் ஆண்டு யூலை மாதம் 11 ஆந் திகதி இறுதியாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எட்சாக் 2 பணிதொடங்கியிருந்தது.