பழைய முச்சக்கர வண்டி: சத்தத்தைக் கேட்டபின் பணத்தைக் கொடுங்கள்

யுத்தத்தில் குடும்பத்தின் உழைப்பாளியை இழந்து, இறக்குவானை, தெரணியகலைப் பக்கத் தோட்டங்களில் உறவினரோடு வாழும் சகோதரிகள் சிலர், கடன் பெற்றுப் பழைய முச்சக்கர வண்டி வாங்க எண்ணுகின்றனர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. தோட்டத்துக் கல் றோட்டில் ஓடிய வண்டியில் அதிகம் அடிபடுவது அதன் அடிப்பாகமே. எனவே வாங்குமுன் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் என்ஜினை முறுக்குங்கள். அப்போதே கடகடத்தால் சைலன்சர், மட்கார்ட் ஆணிகள் தளர்ந்திருக்கலாம். அதற்குச் செலவு குறைவு. பள்ளத்தில் விழும்போது மட்டும் 'டக்' என்று கேட்டால் சொக் அப்சோபரையும் புஷ்களையும் பாருங்கள்.

வண்டியின் பின்பக்க மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றால் நல்லது. திரும்பத் திரும்ப ஆடினால் சொக் அப்சோபர் பலமிழந்துவிட்டது. ஒயில் கசிந்திருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி, இரு கைகளாலும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கும்.

இது வெறும் சத்தமல்ல. சொக் அப்சோபர் பழுதானால் சக்கரம் நிலத்தில் படியாமல் துள்ளும். இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றப்போகும் வண்டி அது.

விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். திருத்தச் செலவை எழுதி வாங்கி, விலையில் கழிக்கும்படி கேளுங்கள். தயங்க வேண்டாம், சகோதரிகளே. கடனைக் கட்டப்போவது நீங்கள்தான்.