புதிதாக டியூட்டிக்குப் போகும் நர்ஸ் மகளுக்கு...

மூன்று வருஷ டிப்ளமாவோ, நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங்கோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பெயரையும் பதிவு செய்துகொண்டு, உங்கள் மகளோ மருமகளோ முதல் முறையாக ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புகிறாளா? சந்தோஷம்தான். ஆனால் முதல் சில மாதங்கள் அவளுக்குச் சோதனையான காலம். படிக்கும்போது பக்கத்தில் டீச்சர் இருந்தார். இப்போது நோயாளி அவள் பொறுப்பு. எங்கள் உறவில் இரண்டு பேர் நர்ஸ்கள். அவர்களிடம் கேட்டறிந்ததை இங்கே சொல்கிறேன். பெண்ணிடம் படிக்கக் கொடுங்கள். வீட்டிலிருக்கும் நமக்கும் இதில் வேலை உண்டு.

கேட்க வெட்கம் வேண்டாம்

"கேட்டா ஒண்ணும் தெரியாதவள்னு நினைச்சுப்பாங்களோ" என்று பேசாமல் இருந்துவிடும் பெண்கள்தான் அதிகம். வார்டு சிஸ்டர் கோபக்காரராகவே இருக்கட்டும். அவர் திட்டினால் அரை மணியில் மறந்து போகும். நோயாளிக்குத் தப்பான மருந்து போய்விட்டால் மறக்க முடியுமா? "சிஸ்டர், இதை நான் தனியாச் செய்ததில்லை, ஒரு தடவை கூட இருங்க" என்று தைரியமாகக் கேட்கட்டும். டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, பெயரையும் அளவையும் அவருக்கே திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும்.

மருந்து கொடுக்குமுன்

சரியான ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் – இந்த ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். "நீங்க லட்சுமியா?" என்று கேட்கக்கூடாது. அரைத் தூக்கத்தில் யாரும் "ஆமாம்" என்பார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, கையிலுள்ள பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

இன்சுலினில் 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்பத் தனித்தனி. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடியோ குறைந்தோ போகும். வீட்டில் மாமனாருக்கு இன்சுலின் போடும் சகோதரிகளும் இதைக் கவனியுங்கள். பொட்டாசியம் குளோரைடு மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றவே கூடாது, இதயமே நின்றுவிடும்.

தன்னைக் காத்துக்கொள்ள

சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகவேண்டும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது. அதற்குள்ள வெள்ளை டப்பாவில் உடனே போட்டுவிட வேண்டும். ஊசி குத்திவிட்டால் இடத்தைப் பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அப்போதே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். மறைத்தால் நஷ்டம் அவளுக்குத்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று நீங்களும் கேளுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

நைட் டியூட்டி முடிந்து வருகிறவள் பகலில் தூங்கத்தான் செய்வாள். "பத்து மணி வரைக்கும் என்ன தூக்கம்?" என்று மாமியாரோ பாட்டியோ ஆரம்பித்தால் நீங்கள்தான் தடுக்க வேண்டும். லேசாக ஏதாவது சாப்பிடக் கொடுத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். தூக்கம் கெட்ட கைதான் மருந்து அளவில் தடுமாறும். கண் சொருகும்போது அவளை ஸ்கூட்டர் ஓட்டி வரவும் விடாதீர்கள்.

அவள் பார்த்துக்கொண்ட நோயாளி முதல் முதலாக இறந்த அன்று பேசாமல் வந்து உட்காருவாள். "அதெல்லாம் சகஜம்" என்று தள்ளிவிடாதீர்கள். காபி கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் துருவ வேண்டாம்.

நாளைக்கே நம் குழந்தைக்கு ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால், ஊசியோடு எதிரே நிற்பவளும் யாரோ ஒரு வீட்டுப் பெண்தான். அவள் நன்றாகத் தூங்கியவளாக, தெரியாததைக் கேட்கத் தயங்காதவளாக இருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? நம் வீட்டுப் பெண்ணையும் அப்படியே அனுப்பி வைப்போம்.