மாநாட்டு மண்டபத்தில் பனையோலைப் பெட்டிகள்

கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையால் போகின்றவர்களின் கண்ணில் எண்கோண வடிவிலான ஒரு பெரிய கட்டடம் படும். அதுதான் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். 1959இல் கொலை செய்யப்பட்ட பிரதமரின் நினைவாகச் சீனா அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்த இம்மண்டபம் 1973 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு இங்கு நடைபெற்றது. தலைமை தாங்கியவர், கணவனை இழந்தபின் அரசியலுக்கு வந்து 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க. அவரது ஆட்சி நம் மக்களுக்குத் தந்த கசப்புகளை நாம் மறக்கவில்லை. ஆயினும் அந்த மேடையில் ஒரு பெண் இருந்தார் என்பதும் உண்மையே.

இன்று அங்கு மாநாடுகளோடு இசை நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. செப்டெம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் பெருந்திரளான மக்கள் வருவார்கள். "அது பெரிய ஆட்களின் இடம், நமக்கென்ன?" என்று சகோதரிகள் சிலர் கேட்கலாம். கண்காட்சிகளில் கடைகள் வாடகைக்குக் கிடைக்கும் என்பதே நமக்கு முக்கியம்.

2013இல் எங்கள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த நால்வருடன் நானும் அவ்வளாகத்தில் நடந்த கைப்பணிக் கண்காட்சிக்குச் சென்றேன். ஊரில் வியாபாரி 150 ரூபாவுக்கு வாங்கும் பனையோலைப் பெட்டியை அங்கு 450 ரூபாவுக்கு விற்றோம். எங்களுடன் வந்த அக்கா ஒருவரின் கணவர் காணாமற் போனவர், பிள்ளைகள் மூவர். முதல் நாள் மாலை காசை எண்ணி முடித்துவிட்டு, "இவ்வளவு காலமும் எனக்குக் கிடைத்தது பெட்டியின் விலையில்லை, வெறும் கூலிதானா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வாறு செல்ல விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தனியே போகாமல் குழுவாகச் சென்றால் கடை வாடகை, போக்குவரத்து, தங்குமிடச் செலவுகளைப் பகிர்ந்து கொள்ளலாம். அச்செலவையும் சேர்த்தே விலையைத் தீர்மானியுங்கள். விலைச் சீட்டை மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். வாங்குவோரின் தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். கண்காட்சிகள் பற்றிய விபரங்களைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஊர் திரும்பிய அந்த அக்கா, வியாபாரியிடம் ஒரு பெட்டி 300 ரூபா என்றார். அவர் வாங்காமல் போய்விட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, அதே விலைக்கு வாங்கிச் சென்றார்.