குடிக்க ஆளில்லாத காப்பிக் கிண்ணங்கள்

ஒரு சமூகத்திற்குப் பேரிழப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியவை நமக்குத் தெரியும். ஜனாஸா தொழுகை, நல்லடக்கம், துஆ, குடும்பத்தாருக்கு ஆறுதல், நீதிக்கான குரல். ஆனால் அடக்கம் செய்ய உடலே கிடைக்காவிட்டால்? அப்படியொரு கொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்களும் இருந்தால்? போஸ்னிய முஸ்லிம்கள் இந்த இரண்டையும் சந்தித்தார்கள்.

ஸ்ரெப்ரெனிட்சாவை ஐ.நா. 1993-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருந்தது. 1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை அந்த ஊரைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். தடயத்தை மறைக்க, புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளிலிருந்து கிடைத்தன. உறவினர்களின் இரத்த மாதிரியோடு டி.என்.ஏ. ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண முடிந்தது. இன்றும் ஒரு எலும்பாவது கிடைக்காதா என்று காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

இந்த வேதனையைச் சொல்ல ஐடா ஷெஹோவிச் என்ற போஸ்னியக் கலைஞர் காப்பிக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தார். அரபியில் நாம் ஃபின்ஜான் என்று படித்த அதே சொல்தான் துருக்கி வழியே போஸ்னியாவுக்குப் போய் ஃபில்ஜான் ஆனது. கைப்பிடி இல்லாத சிறிய கிண்ணம். அங்கே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுவது காப்பியோடுதான். சேர்ந்து காப்பி குடிக்க ஆள் இல்லாததே பெரிய வலி என்று விதவைகள் சொன்னதிலிருந்து பிறந்தது இந்த எண்ணம். குடும்பங்களிடமிருந்து கிண்ணங்களைச் சேகரித்து, 2006 முதல் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று ஒவ்வொரு நகரத்தின் பொதுச் சதுக்கத்தில் அவற்றை வரிசையாக வைத்தார்கள். வழிப்போக்கர்களும் காப்பி ஊற்றினார்கள். யாரும் குடிக்கவில்லை. சரயேவோவில் தொடங்கிய இந்தப் பயணம் இஸ்தான்புல், ஜெனீவா, சிகாகோ எனச் சுற்றி 2020-ல் ஸ்ரெப்ரெனிட்சாவிலேயே நிறைவடைந்தது. அதன் பெயருக்கு, "நீ ஏன் இங்கே இல்லை?" என்பது பொருள்.

இன்னொன்று, பெண்கள் ஊசியால் பின்னும் ஸ்ரெப்ரெனிட்சா மலர். நடுவில் பச்சை, சுற்றிலும் பதினொரு வெள்ளை இதழ்கள். இதழ்களின் எண்ணிக்கை ஜூலை 11-ஐக் குறிக்கிறது. பச்சைத் துணி போர்த்திய ஜனாஸாவைச் சுற்றி வெள்ளை முக்காடிட்ட தாய்மார்கள் நிற்பதாக அதைப் பார்ப்பவர்களும் உண்டு.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்று சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் விட்டார்கள். ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத வார்த்தை எதையும் சொல்லவில்லை. ஒப்பாரி வைப்பதையும் ஆடையைக் கிழித்துக் கொள்வதையும் தடுத்தார்கள். துக்கம் தடை செய்யப்பட்டதல்ல, அதற்கு எல்லை உண்டு. இந்தக் கிண்ணத்திலும் மலரிலும் உருவச்சிலை இல்லை, வணக்கம் இல்லை, இறந்தவரின் முகம்கூட இல்லை. நாள் முடிந்ததும் கிண்ணங்கள் எடுத்து வைக்கப்பட்டுவிட்டன.

இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை உடைப்பதைப் போன்றது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. மையித்தின் கண்ணியத்தை மார்க்கம் அவ்வளவு பெரிதாகக் கருதுகிறது. நாமோ எங்கேனும் படுகொலை நடந்தால் சிதைந்த குழந்தைகளின் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். அது நம் பிள்ளையாக இருந்தால் வைப்போமா? கோபம் நியாயமானதுதான். ஆனால் கொன்றவன் பறித்த கண்ணியத்தை நம் கையாலும் பறிக்கக் கூடாது.

சின்னங்கள் மட்டும் போதாது என்பதும் உண்மை. மலரைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. போட்டோச்சாரி நினைவிடத்தில் 8,372 பேர் என்ற எண்ணிக்கை கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஜூலை 11 தோறும் புதிதாக அடையாளம் காணப்பட்டவர்களுக்கு அங்கே ஜனாஸா தொழுது நல்லடக்கம் செய்கிறார்கள். சர்வதேச நீதிமன்றங்கள் இதை இனப்படுகொலை என்று தீர்ப்பளித்ததும் ஆதாரத்தின் பலத்தால்தான். பெயரும் ஆதாரமும் துஆவும் சேர்ந்தால்தான் சின்னத்திற்கு உயிர் இருக்கும்.

நம் பிள்ளைகள் ஒரு துயரத்திற்காகப் படம் வரைய உட்கார்ந்தால் தடுக்க வேண்டாம். இரத்தத்தை வரையாமல், அந்த வீட்டில் இப்போது யாரும் தொடாமல் இருக்கும் ஒரு பொருளை வரையச் சொல்வோம். அதன் கீழே உண்மையான எண்ணிக்கையை எழுதச் சொல்வோம். பிறகு அவர்களோடு சேர்ந்து கையேந்துவோம்.