குணத்தைச் சிதைக்கும் மூளை நோய்: வில்லியம் சீலியின் ஆய்வுகள்

மூளைத் தேய்வு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மறதியே. பேரப்பிள்ளையின் பெயர் மறந்துபோன முதியவரையும், வீட்டிற்குத் திரும்பும் வழி தெரியாது தெருவில் நின்ற தாயாரையும் நாம் அறிவோம். 1906 ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் உலகிற்கு எடுத்துரைத்த நோய் இத்தகையது. இதனால் துன்புறுவோரிடம் திருச்சபை பொதுவாகப் பரிவுடனேயே நடந்துகொள்கின்றது. மறதியை எவரும் பாவம் என்று கூறுவதில்லை.

ஆனால், நினைவு பெரும்பாலும் நிலைத்திருக்க, குணம் மட்டும் குலைந்துபோகும் மூளைத் தேய்வும் உண்டு. மூளையின் முன்பகுதியாகிய நெற்றி மடலும் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலும் சுருங்குவதால் உண்டாகும் இந்நோயின் வரலாறு, பிராக் நகரப் பேராசிரியர் ஆர்னல்டு பிக் 1892 இல் விவரித்த ஒரு நோயாளியிலிருந்து தொடங்குகின்றது. நெடுங்காலம் பிக் நோய் என்றே வழங்கி வந்த இதனை இன்று ஃபிரான்டோ டெம்போரல் டிமென்ஷியா என்கின்றனர். இதன் வகைகளுள் ஒன்று மொழியைத் தாக்கும். மற்றொன்று நடத்தையைத் தாக்கும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது நடத்தையைத் தாக்கும் வகையையே.

பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில், அதாவது ஒருவர் குடும்பத்திலும் சபையிலும் பொறுப்புமிக்க நிலையிலிருக்கும் காலத்தில், இது தலைகாட்டுகின்றது. நாணயமானவர் என்று பெயரெடுத்தவர் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு பணம் கொடாமல் நடந்துவிடுவார். அளந்து பேசியவர் அந்நியப் பெண்களிடம் தகாத சொற்களைக் கூறுவார். மனைவி நோயுற்றுக் கிடக்கையில் அருகிலமர்ந்து இனிப்பை அள்ளி அள்ளி உண்பார். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார். நேற்று நடந்ததைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லுவார். கணக்கும் கேட்டவுடன் தப்பாமல் போடுவார். ஆகவே, இதை நோய் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. பின்மாற்றம் என்றும், கெட்ட சகவாசம் என்றும், இதுகாறும் மறைத்து வைத்திருந்த உண்மைக் குணம் வெளிப்பட்டது என்றும் பேசிக்கொள்வர்.

இந்நோய் மூளையில் எங்கே தொடங்குகின்றது என்னும் வினாவை ஆராய்ந்தோருள் முதன்மையானவர், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் வில்லியம் சீலி. 1920களில் வியன்னா நகர அறிஞர் கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ, மனித மூளையில் கதிர் போன்று நீண்டு பருத்த ஒருவகை நரம்பணுக்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அவை முன் சிங்குலேட் என்னும் பகுதியிலும், இன்சுலா என்னும் மடிப்பின் முன்புறத்திலும் மிகுந்து காணப்படுவன. நோயால் மரித்தோரின் மூளைகளைச் சீலியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, இவ்வணுக்கள் ஃபிரான்டோ டெம்போரல் நோயாளிகளிடம் பெரிதும் குறைந்தும் உருக்குலைந்தும் போயிருப்பதையும், அல்ஸைமர் நோயாளிகளிடம் அவ்வாறு இல்லை என்பதையும் 2006 இல் வெளியிட்டனர்.

மரித்தோரின் மூளை இவ்வளவே சொல்லும். உயிரோடிருக்கும் மூளையைக் காண்பதற்குக் காந்த அதிர்வுப் படமுறை உதவிற்று. எந்தப் பகுதி சுருங்கியுள்ளது என்பதை இது காட்டும். மேலும், இரத்தத்திலுள்ள பிராண வாயுவின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு எந்தெந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன என்பதையும் அறியலாம். யாதொரு வேலையும் கொடாமல் ஒருவரைச் சும்மா படுத்திருக்கச் செய்தாலும், தொலைவிலுள்ள பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன என்று 1995 இல் காட்டியவர்களுள் முதல்வர் பரத் பிஸ்வால் என்னும் இந்திய வம்சாவளி அறிஞர். இம்முறையைக் கொண்டு சீலி 2007 இல் ஒரு பிணையத்தை வரையறுத்தார். இன்சுலாவின் முன்புறமும் முன் சிங்குலேட்டும் அதன் நடுநாயகம். நம்மைச் சூழ நிகழும் எண்ணற்றவற்றுள் இக்கணத்தில் எது முக்கியமானது என்று உணர்த்துவது அதன் பணி. பிறர் முகத்தில் தோன்றும் வேதனையும், நம் சொல்லால் அவையில் எழும் சங்கடமும் முக்கியமானவையாக நமக்குப் படுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

2009 இல் வெளிவந்த ஆய்வே இவற்றுள் மிகுந்த கவனம் பெற்றது. ஐந்து வகையான மூளைத் தேய்வுகளில் சுருங்கும் பகுதிகளைச் சீலி குழுவினர் படமெடுத்தனர்; அவற்றை நலமுடையோரின் மூளையில் இயல்பாக இயங்கும் ஐந்து பிணையங்களோடு ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தின. ஒரு கண்மாயின் மடை பழுதுபட்டால், அதன் கால்வாயில் நீர் பெறும் வயல்கள் யாவும் வாடும். பக்கத்துக் கண்மாயின் பாசனத்திலுள்ள வயல்கள் பச்சென்றே இருக்கும். நோய் கண்டபடி பரவாமல், ஒன்றோடொன்று இணைந்தவற்றையே பற்றிக்கொண்டு செல்கின்றது. அல்ஸைமர் நோய் நினைவோடு தொடர்புடைய பிணையத்தையும், நாம் பேசும் நோய் மேற்சொன்ன பிணையத்தையும் முதலில் பிடிக்கின்றன. ஆகவேதான் ஒருவர் பெயர்களை இழக்கிறார். மற்றொருவர் பரிவை இழக்கிறார்.

இன்சுலா இதயத் துடிப்பு, மூச்சு, வயிறு, குடல் ஆகிய உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்கு உணர்த்தும் இடம் என்பது குறிப்பிடத்தக்கது. நற்செய்தி நூல்களில் நம் தமிழ்த் திருமறை மனதுருகி என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைக் குறிக்கும் ஸ்பிளாங்க்னா என்பதிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் சொல்வதும் இவ்வகையே. இதைக் கொண்டு விஞ்ஞானம் வேதாகமத்தில் முன்னமே உள்ளது என்று பிரசங்கிக்க முற்படுவது வீண் வேலை. இரக்கம் உடலிலும் உணரப்படுவது என்பதைப் பண்டையோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர், அவ்வளவே.

ஆயருக்கு உண்மையான சிக்கல் இனிமேல்தான் எழுகின்றது. இந்நோயாளிகள் ஒழுக்க விதிகளை மறந்துவிடுவதில்லை. மரியோ மென்டெஸும் அவருடன் பணியாற்றியோரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களுக்கு நன்மை தீமை பற்றிய அறிவு எஞ்சியிருந்தது; உணர்ச்சியால் உடனே எழ வேண்டிய ஒழுக்கத் தீர்ப்பே பழுதுபட்டிருந்தது. திருடலாமா என்று கேட்டால் கூடாது என்பார். அன்று மாலையே எடுத்துக்கொண்டு வருவார். தெரிந்தே செய்கிறார் என்று சபையார் சொல்வது ஒரு வகையில் மெய்தான். சீலி பணிபுரியும் அதே மருத்துவ மையத்தில் 1999 முதல் 2012 வரை பார்க்கப்பட்ட 2,397 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2015 இல் வெளியான கட்டுரை, நடத்தை வகையினருள் 37.4 விழுக்காட்டினரிடம் நோயின் போக்கில் சட்டமீறல் தோன்றியதாகக் கூறுகின்றது. அல்ஸைமர் நோயாளிகளிடையே அது 7.7 விழுக்காடே.

நமது சபை ஒழுங்கு நடவடிக்கைகள் யாவும் மனவருத்தத்தை எதிர்நோக்கியே அமைந்தவை. எச்சரிக்கிறோம், திருவிருந்திலிருந்து விலக்குகிறோம், மனந்திரும்பினால் மீண்டும் சேர்த்துக்கொள்கிறோம். ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் கூறும் போராட்டம் நமக்குப் பழக்கமானது. விரும்பாததைச் செய்கிறவன் அங்கே தன் நிலைக்காக வேதனைப்படுகிறான். இந்நோயாளியிடமோ அவ்வேதனை இல்லை. குற்றத்தை எடுத்துச் சொன்னால் ஆம் என்று தலையசைத்துவிட்டுக் காப்பி வந்துவிட்டதா என்று கேட்பார். இதனைக் கடின இருதயம் என்று தீர்ப்பது எளிது. ஆனால் வருந்தும் ஆற்றலையே நோய் தின்றுவிட்ட ஒருவரிடம் வருத்தத்தை நிபந்தனையாக வைப்பது, முடவனை நடந்து வந்து பெற்றுக்கொள் என்பதற்கு ஒப்பாகும். அவரைத் திருவிருந்திலிருந்து விலக்குவதற்கு நாம் நியாயம் காணவில்லை. அதே வேளையில் காணிக்கைப் பெட்டியின் சாவியை அவரிடம் விட்டுவைப்பதும், சிறுபிள்ளைகள் நடுவே அவரைத் தனியே விடுவதும் அன்பாகா.

மூளைப் படத்திற்கு அது தாங்கக்கூடியதைவிட மிகுதியான பாரத்தையும் ஏற்றலாகாது. மேற்சொன்ன ஒப்பீடுகள் பலருடைய படங்களைச் சேர்த்துக் கண்டவை. தனியொருவரின் படம் நோயின் தொடக்கத்தில் மாற்றமின்றியும் தோன்றக்கூடும். மதுவாலோ பேராசையாலோ கெட்டவர் எல்லாரும் இனி மூளையைக் காட்டித் தப்பலாம் என்றும் கொள்ள வேண்டியதில்லை. வாலிபம் முதல் ஒரே போக்கில் வந்தவருக்கும், ஐம்பது வயதில் முன்னிருந்த தன்னோடே முரண்பட்டுப் போனவருக்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை முதலில் அறிந்திருப்பவர் மனைவியோ கணவரோதான்.

எனவே, இத்தகைய வழக்கு குருசேகரக் கமிட்டியின் முன் வருமாயின், அதற்கு முன்பாகவே ஆயர் அவ்வீட்டிற்குச் சென்று, எப்பொழுது முதல் இப்படி, முன்னே எவ்வாறிருந்தார், உணவில் மாற்றமுண்டா, வீட்டில் யாரேனும் அழுதால் என்ன செய்கிறார் என்று தனிமையில் கேட்டறிய வேண்டும். விடைகள் ஐயத்தை எழுப்பினால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, வழக்கை நிறுத்தி வைக்கலாம். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றளவும் கிடையாது. ஆயினும் பெயர் தெரிந்த நோய் அவ்வம்மையாருக்குப் பேருதவி. எங்கே தவறினேன் என்று அவர் பல ஆண்டுகளாகத் தம்மையே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.