முயல் தீனி எடுக்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்



லயத்துப் பின்பக்கம் கூடு அடித்து முயல், கினிப்பன்றி வளர்க்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவை நோய்ப்பட்டால், "ஒருநாள் பட்டினி கிடந்தா தன்னால சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். நாய்க்கு அது சில வேளை சரிவரலாம். முயலுக்குச் சரிவராது.

புல் தின்னும் இந்தச் சின்னப் பிராணிகளின் குடல் ஓயாமல் அசைய வேண்டும். 12 மணித்தியாலம் தின்னாவிட்டால் குடல் மந்தமாகி வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. புழுக்கை சிறுத்தால் அல்லது நின்றால், உடம்பைச் சுருட்டிப் பல்லை நறநறத்தால், காது சில்லிட்டால் அது அவசரம்தான்.

உடனே செய்ய வேண்டியவை: சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். உடம்பு குளிர்ந்திருந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரும் புல்லும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வயிறு பறைபோல் விறைத்திருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

நமக்குத் தரும் மாத்திரையைக் கொடுக்கவே வேண்டாம். அமொக்சிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, முயலும் கினிப்பன்றியும் செத்துப்போகலாம். களைநாசினி அடித்த மலையில் அறுத்த புல்லையும் போடாதீர்கள்.

நம்ம குளிரில் வளர்ந்த குட்டியைச் சூடான ஊருக்குக் கொடுத்தனுப்புவோரும் கவனிக்க வேண்டும். வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல் போன்ற ஊர்களில் வெயில் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூடு முயலுக்குத் தாங்காது. மூச்சு வாங்கி, எச்சில் வடிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், காதைச் சாதாரண தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வாளியில் முக்கவும் வேண்டாம். பிறகு வைத்தியரிடம் போங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பண்ணைப் பாலம் தாண்டித்தான் போக வேண்டும். நமக்கும் டவுனுக்கு மலை இறங்க வேண்டும். தூரம் இருப்பதால்தான் சீக்கிரம் புறப்படச் சொல்கிறோம்.

காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். கடைசியாகத் தின்ற இலையையும் கொஞ்சம் புழுக்கையையும் கூடவே எடுத்துப் போனால் வைத்தியருக்கு உதவும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திலும் போதனா வைத்தியசாலை உண்டு.

வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை இன்றைக்கே கேட்டு வாங்கி, கூட்டுக் கதவில் எழுதி ஒட்டி வைப்போம். ராத்திரியில் அதைத் தேடி அலைய நேரம் இருக்காது.