கூகுள் பேட்டியில் கேட்ட விசித்திரக் கேள்விகள்!

2004-ம் ஆண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விளம்பரப் பலகை நின்றது.

சோப்பு விளம்பரமா? இல்லை. சினிமா விளம்பரமா? அதுவும் இல்லை. ஒரு கணக்கு!

கணிதத்தில் "ஈ" என்று ஓர் எண் உண்டு. 2.718 என்று தொடங்கி, முடிவே இல்லாமல் நீளும். அந்த வரிசையில் முதலில் வரும் 10 இலக்கப் பகா எண் எது? இதுதான் கேள்வி. (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண்.)

விடை: 7427466391.

இந்த விடையை இணைய முகவரியாகப் போட்டால் இன்னொரு கணக்கு வரும். அதையும் முடித்தவர்களை வேலைக்கு மனுப் போடச் சொன்னார்கள். அழைத்தது கூகுள் கம்பெனி. பலகையில் அதன் பெயரே கிடையாது!

எத்தனை பந்து?

பேட்டிக்கு வந்தவர்களையும் அப்போது இப்படித்தான் திணற அடித்தார்கள்.

"ஓர் ஆகாய விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகளை அடைக்கலாம்?" என்று கேட்பார்கள். பந்துக்கும் பார்க்கப் போகும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. அங்கே ஊழியர் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ போக், 2013-ல் இதைச் சொன்னார். இந்தக் கேள்விகள் வீண் வேலை. கேட்பவர் தம்மைப் புத்திசாலி என்று எண்ணிக்கொள்ளத்தான் உதவும் என்றார். ஒரே ஆளைப் பத்துத் தடவைக்கு மேல் பேட்டி காணும் வழக்கமும் போயிற்று. 4 பேட்டி போதும் என்று முடிவாயிற்று.

கேட்டால் பிழைக்கலாம்

சரி, கம்ப்யூட்டர் வேலைக்கு வேறு என்ன கேட்பார்கள்? இந்த மாதிரிக் கேள்வியைப் பாருங்கள்.

ஒரு பட்டியலில் 1,000 பெயர்கள். ஏதாவது ஒரு பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா? கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்கு வழி எழுத வேண்டும்.

ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிடலாம். அதற்குச் சுமார் 5 லட்சம் தடவை ஒப்பிட வேண்டும். பெயர்கள் 10 லட்சமானால்? 50,000 கோடி தடவை!

கெட்டிக்காரர் உடனே எழுதத் தொடங்க மாட்டார். "பட்டியல் அகர வரிசையில் இருக்கிறதா?" என்று கேட்பார். இருந்தால், ஒரே பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1,000 பெயருக்கு 999 ஒப்பீடு போதும். வேலை முடிந்தது!

பள்ளிக்கூடப் பரீட்சையில் இது நடக்காது. கேள்வித்தாளிடம் யார் கேள்வி கேட்பது? இங்கேயோ, வாயைத் திறந்து கேட்பவருக்குத்தான் மார்க்கு. நினைப்பதை உரக்கச் சொல்ல வேண்டும். மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டால் எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் முட்டாளா?

அந்தப் பலகை நின்ற அதே 2004-ம் ஆண்டில், ஏப்ரல் 1-ந் தேதி, ஒருவர் கூகுளுக்குப் பேட்டிக்குப் போனார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். பெயர் சுந்தர் பிச்சை.

அன்றுதான் கூகுள் "ஜிமெயில்" என்ற மின்னஞ்சலை அறிவித்திருந்தது. "ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். சுந்தர் அதைப் பார்த்ததே இல்லை. ஏப்ரல் முட்டாள் தின வேடிக்கை என்றே நினைத்தார்.

4-வதாக வந்தவர், "நீங்கள் அதைப் பார்த்ததுண்டா?" என்றார்.

"இல்லை" என்றார் சுந்தர்.

அவர் உடனே ஜிமெயிலைத் திறந்து காட்டினார்.

5-வதாக வந்தவரும் பழைய கேள்வியையே கேட்டார். இந்தத் தடவை சுந்தரால் பதில் சொல்ல முடிந்தது. வேலையும் கிடைத்தது. 2015-ல் அவர் கூகுளின் தலைமை அதிகாரி ஆனார்.